முகாமுக்குப் போய்வந்த நேசராணி

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பேரைச் சொன்னால் சிலருக்கு மூக்கு சிவக்கும். ஆகவே பேர் வேண்டாம். அங்கே பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் நேசராணி. தாய்மார் கொழுந்து கிள்ள மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்குத்தான் அந்தப் பேர். இந்த 1962ஆம் வருஷத்தில் அவளுக்கு இருபத்தைந்து வயது. ஒல்லி உடம்பு, ஓங்காத குரல், சேலைத் தலைப்பில் எந்நேரமும் யாராவது ஒரு பிள்ளையின் எச்சில். பார்த்தால் பத்தோடு பதினொன்று என்றுதான் தோன்றும். ஆனால் அந்த மலையில் துரையிடம் நேருக்கு நேர் நின்று பேசிய தொழிலாளர் லயத்து முதல் பெண் இவள்தான்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கங்காணி ரெங்கசாமி "அதுக்கு மூளை பெசகிப்போச்சு" என்பார். மாதா கோயில் உபதேசியார் சிங்கராயர் "ஆண்டவர் செயல்" என்று கைகூப்புவார். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால், 1954 ஏப்ரலில், அவள் பதினொரு நாள் ஒரு முகாமுக்குப் போனாள். போனவள் ஒருத்தி, வந்தவள் வேறொருத்தி.

பதுளையில் சில பள்ளிக்கூட ஆசிரியர்கள் சேர்ந்து விடுமுறைக்கு நடத்திய முகாம் அது. வெலிமடை போகும் வழியில் ஒரு பழைய பங்களாவை எடுத்து, பதினாறு முதல் இருபது வயது வரையான முப்பது பெண்பிள்ளைகளைத் தங்கவைத்து, பாட்டு, முதலுதவி, குழந்தை வளர்ப்பு என்று கற்றுக்கொடுத்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் மட்டும் வந்தால் போதாது, தோட்டத்துப் பிள்ளைகளும் வரவேண்டும் என்று முகாமை நடத்திய பத்மநாதன் மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்! உபதேசியார் சிங்கராயருக்கு அவரே கடிதம் எழுதினார்: "தங்கள் தோட்டத்திலிருந்து நல்ல பெண்பிள்ளை ஒருவரை எங்கள் முகாமுக்கு அனுப்பி உதவவும்."

உபதேசியாரின் அறுபது வருஷ அனுபவத்தில், பங்களாவிலிருந்து 'நல்ல பெண்பிள்ளை' கேட்டு வந்த கடிதமெல்லாம் அடுப்படியில் குசினி வேலைக்குத்தான். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் வேறு கூடவே வந்திருந்தது. ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கம்பளி, வேலைக்கேற்ற பழைய உடுப்பு. வேறு தோட்டத்துக்குக் கைக்காசு வேலைக்கு, அதாவது அன்றாடக் கூலிக்கு, போகிறவர்கள் எடுத்துப்போகிற மூட்டையும் அதேதான். யாருக்குச் சந்தேகம் வரும்? நேசராணியை அனுப்புகிறேன் என்று பதில் எழுதிப்போட்டார்.

"வெள்ளனையே எந்திரிச்சுரு. ஏவுறதுக்கு முந்தி செஞ்சுரு. யாரு மூஞ்சியவும் பாத்துப் பேசாத" என்று தாய் செபஸ்தியம்மா மகளுக்கு மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

பசறைக்கு வந்து, பதுளைக்கு வந்து, வெலிமடை பஸ் ஏறி, நேசராணி அந்தப் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாய்ந்துவிட்டது. முன்வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் பேரைப் பதிந்துகொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையைத் தலையில் வைத்தபடி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே சமையல்காரர் றஹீம், வருவதாகச் சொன்ன கையாள் வராத கோபத்தில் அடுப்பைத் திட்டிக்கொண்டு நின்றார்.

"நீயா புள்ள வந்த? அல்லாதான் அனுப்பிருக்கான். வா வா, எட்டுத் தேங்கா கெடக்கு" என்றார்.

அவ்வளவுதான். அவள் தேங்காய் துருவுகிற திருவலையில் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரம் முன்விறாந்தையில் பேர் கூப்பிட்டார்கள். சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. யோகமலர், இருக்கிறேன். நூருல் இனாயா, இருக்கிறேன். பிறகு, "நேசராணி, மடுல்சீமை." பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். அப்போதும் இல்லை.

தேங்காய் திருவிக்கொண்டிருந்த நேசராணிக்கு ஒரே ஆச்சரியம். தன் பேரிலேயே மடுல்சீமையில் இன்னொரு பிள்ளை! பெரிய கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளையாக இருக்கும், இல்லாவிட்டால் டிஸ்பென்சர் ஐயா மகளாக இருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பேர் தானாக இருக்கலாம் என்ற நினைப்பு அவள் மனசின் ஓரத்தில்கூட எட்டிப்பார்க்கவில்லை. சிரிப்பு வருகிறதா? சிரிக்கவேண்டாம். அவளுக்கு முன்னால் நாலு தலைமுறை முன்வாசல் மிதிக்காமல் வாழ்ந்து முடித்திருக்கிறது.

மறுநாள் படுக்கை அறைகளைக் கூட்டச் சொன்னார் றஹீம். வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் பேர் எழுதிய அட்டை. கடைசிக் கட்டிலின் அட்டையில் 'நேசராணி' என்று இருந்தது. அது மட்டும் யாரும் படுக்காமல் கிடந்தது. அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு அந்த எழுத்துகளை ஒன்றொன்றாகப் படித்தாள். தன் பேரை அவ்வளவு பெரிய எழுத்தில், அவ்வளவு அழகாக, அவள் அதுவரை பார்த்ததில்லை. வராத அந்தப் பிள்ளைக்காக விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "மாதாவே, அந்தப் புள்ள எங்கயோ வழி தெரியாம நிக்குது போல. கொண்டாந்து சேத்துரு தாயே" என்று வேண்டிக்கொண்டு, திரும்பி வந்து மண் புகுந்த லீக்ஸ் கட்டுகளைக் கழுவ உட்கார்ந்தாள். தனக்காகத் தானே பரிந்து பேசியது அவளுக்குத் தெரியாது, மாதாவுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். பத்மநாதன் மாஸ்டர் சரோஜினி ரீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சிங்கராயர் உபதேசியார் அனுப்பிறன் எண்ட பிள்ளை இன்னும் வரேல்லை. மத்தியானம் வரைக்கும் பாப்பம். வராட்டில், அந்த இடத்தை ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைக்குக் குடுத்திடுவம்."

மடுல்சீமையில் எத்தனை சிங்கராயர் உபதேசியார் இருக்க முடியும்? அவள் எப்படியோ கோப்பைகளை இறக்கிவைத்துவிட்டுக் குசினிக்கு ஓடிவந்து, அடுப்படியில் குந்திக்கொண்டாள். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. பத்து நாள் பாத்திரம் கழுவிவிட்டு வீடு போகலாம், தாய் சொன்னபடி யார் முகத்தையும் பாராமல். சொன்னால்? இரண்டு நாளாக ஏமாற்றினாய் என்று அடித்துத் துரத்தினால்? வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டில் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

"என்ன புள்ள, காச்சலா?" என்றார் றஹீம்.

அவள் சொன்னாள். கேட்ட மனுஷனுக்கு அகப்பை கைநழுவிப் பருப்பில் விழுந்தது.

"அடி பைத்தியமே! ரெண்டு நாளா என்ட கிடாரத்தையா தேச்சுக்கிட்டுக் கெடந்த? போ, ஓடு! நீயே போய்ச் சொல்லு!"

விறாந்தையில் எல்லாரும் இருந்தார்கள். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்க, நேசராணி வாசல்படிக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னாள்: "ஐயா, அந்தப் புள்ள நாந்தாங்க."

பத்மநாதன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டார். பிறகு படியிறங்கி அவள் நின்ற இடத்துக்கு வந்தார்.

"நாங்கள் எல்லே பிழை விட்டனாங்கள், பிள்ளை. ரெண்டு நாளா எங்களுக்குத் தேத்தண்ணி தந்தனீர். நீர் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

பெரிய மனிதர் ஒருவர் தன்னிடம் பிழையை ஒப்புக்கொள்வதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள். அதோடு விட்டாரா மனுஷன்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே குசினிக்குப் போய், இரண்டு நாள் கடனுக்கு நான் திருவுகிறேன் என்று திருவலையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைய தேங்காய்ச் சம்பலில் பாதி சிரட்டை. அத்தனை பேரும் நறநறவென்று மென்று விழுங்கினார்கள். றஹீம் மட்டும் வாசல்படியில் நின்று, "வாத்தியாருக்குப் படிப்புத்தான் சரி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியின் மகள் யோகமலர் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலைக் காட்டினாள். "இது உம்மட கட்டில். பக்கத்திலை நான்." அந்த விரிப்பில் உட்கார நேசராணிக்கு மனசு வரவில்லை. தான் நீவிவிட்ட விரிப்பு கசங்கிவிடுமே என்று நின்றுகொண்டே இருந்தாள். யோகமலர்தான் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

கட்டிலும் பெஞ்சும் ஒரே பந்தியில் சாப்பாடும் அதிசயம்தான். ஆனால் அவளை அடியோடு அசைத்தது வேறொன்று. ஐந்தாம் நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, சரோஜினி ரீச்சர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: உம்முடைய ஊரில் ஒன்றை மாற்றலாம் என்றால், எதை மாற்றுவீர்? ஒருத்தி நூல்நிலையம் என்றாள், ஒருத்தி பஸ் என்றாள். நேசராணியின் முறை வந்தது.

"தெரியலீங்க."

"யோசிச்சுச் சொல்லும். அவசரமில்லை. நாங்கள் காத்திருக்கிறம்" என்றார் ரீச்சர்.

காத்திருக்கிறார்களாம்! காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது அரை நொடி பிந்தினால் அன்றைய வேலை போய்விடும். கொழுந்து நிறுக்கும்போது வாய் திறந்தால் நிறையைக் குறைத்து எழுதுவார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவளின் நினைப்புக்காக, படித்த முப்பது பேர் காத்திருக்கிறார்கள்.

மறுநாள் எல்லாரையும் துன்ஹிந்தைக்குக் கூட்டிப்போனார்கள். காட்டுப்பாதையில் நடந்து திரும்பினால், கண்ணுக்கு முன்னால் ஆறு அப்படியே ஆகாயத்திலிருந்து கொட்டுகிறது. கீழே விழுந்த தண்ணீர் புகையாக எழுந்து முகத்தை நனைத்தது. பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போட்டார்கள். நேசராணி கத்தவில்லை. பக்கத்து மலையில் பிறந்து வளர்ந்தும், பதினேழு வயது வரை இப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தாள். கண்ணில் வெளிச்சம் நிறைந்து வழிந்தது. அந்த வெளிச்சத்தில் நிற்கும்போது, மாற்றவேண்டியது எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வட்டத்தில் அவளே கையைத் தூக்கினாள். "எங்க பிள்ளைக்காம்பராவுல சன்னல் இல்லீங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினார், நூல்நிலையத்துக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

ஏன் அதைச் சொன்னாள் என்று அவர்கள் கேட்டார்கள், அவளும் சொன்னாள். அந்தக் காம்பரா முதலில் உரம் போட்டுவைத்த ஸ்டோர். ஒரே கதவு, அதையும் காற்றடித்தால் சாத்திவிடுவார்கள். உத்தரத்தில் சாக்குத் தூளிகள். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஏழு மாதத் தம்பியை அங்கே விட்டுவிட்டுத் தாய் மலைக்குப் போனாள். பிள்ளைக்குப் பால் புரையேறியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கிழவி பக்கத்தில்தான் இருந்தாள். அழுகை நின்றதும் தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். இருட்டில் முகம் நீலம் பாய்ந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

பதினொரு நாள் முடிந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலைப் பற்றி, சம்பலைப் பற்றி, வட்டத்தைப் பற்றி எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். செபஸ்தியம்மா பயந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க கேட்டாங்க, நீ சொன்ன. இங்க யாருடி கேக்கப்போறா? நாளைக்குப் பெரட்டு. எல்லாத்தையும் மறந்துட்டுப் படு" என்றாள்.

தாய் சொன்னதில் பிழையில்லை. மூன்று வருஷம் யாரும் கேட்கவில்லை. நேசராணி கொழுந்து கிள்ளினாள், மழையில் நனைந்தாள், அட்டை கடித்தால் உதறினாள். ஆயாக் கிழவிக்குக் கண் மங்கியபோது பிள்ளைக்காம்பரா வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கங்காணியிடம் சன்னல் கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள்; இந்த வருஷத்துக் கணக்கில் இடமில்லை என்றார். வருஷம் மாறியது, பதில் மாறவில்லை.

1957 ஆடி மாதம், காற்றுக்குக் கதவு சாத்தியிருந்த ஒரு முற்பகல். ஒரு தூளியில் அழுகை சட்டென்று நின்றது. நேசராணி தூளிக்கு ஓடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவை எட்டி உதைத்து வெளியே பாய்ந்தாள். உதடு நீலமாக இருந்தது. முகாமில் படித்த முதலுதவியின்படி குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். பால் கக்கி, பிள்ளை வீரிட்டது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் ஆபீஸ் நாள். அன்றைக்குத் துரை விறாந்தையில் உட்காருவார்; சனங்கள் கீழே நிற்பார்கள்; சொல்வதைக் கங்காணி சொல்வார். நானே பேசப்போகிறேன் என்று மகள் சொன்னதும் செபஸ்தியம்மா அவள் காலைப் பிடித்துவிட்டாள்.

"பத்துச்சீட்டுக் குடுத்து வெரட்டிட்டா வேலையும் போயிரும், குடியிருக்குற காம்பராவும் போயிரும். இந்த நாட்டுல நமக்கு ஓட்டில்ல, இந்தியாவுல நமக்கு ஒரு குடிசையில்ல. எங்கடி போறது?"

நேசராணி தாயின் கையை விலக்கிவிட்டுப் போனாள்.

"சலாமுங்க தொரை. பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு சன்னல் வேணுங்க" என்றாள். கங்காணி ரெங்கசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் நின்ற செபஸ்தியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். "ஜன்னல் என்னத்துக்கு?" என்றார், தலையைத் தூக்காமல்.

"புள்ளைங்க மொகம் தெரியணுங்க."

துரை தலையைத் தூக்கினார். வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். சனமெல்லாம் பின்னால் போனது. பிள்ளைக்காம்பராவுக்குள் குனிந்து நுழைந்தவர், ஒரு தூளியில் முட்டிக்கொண்டு நின்றார். பட்டப்பகல் பதினொரு மணி. சட்டைப்பையைத் தடவி ஒரு நெருப்புக்குச்சியைக் கொளுத்தினார். அந்தச் சின்ன வெளிச்சத்தில், பதினேழு பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. விரலைச் சுடும்வரை அவர் குச்சியைக் கீழே போடவில்லை. வெளியே வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

எட்டு நாள் பத்துச்சீட்டை எதிர்பார்த்து நேசராணி வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் வந்தது பொன்னையா மேசன். கையில் உளி, சுத்தியல், பின்னால் ஒருவன் தலையில் இரண்டு சன்னல் சட்டம்.

சுவரில் சன்னலுக்கு வழி திறக்க மத்தியானம் ஆகிவிட்டது. கடைசிக் கல் வெளியே விழுந்ததும் வெயில் உள்ளே வந்தது. தூளிகளில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் தலையைத் திருப்பின. ஒன்றாவது அழவேண்டுமே! கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, பார்த்தபடி கிடந்தன. பொன்னையா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு செபஸ்தியம்மா வந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் அந்தக் கதவுக்குள் கால் வைத்ததில்லை. கூடையை வெளியே இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள். வெளிச்சத்தில் கிடந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "வாயத் தொறந்து கேட்டா குடுத்திருவாங்களா? எனக்குத் தெரியலியே, நேசம். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நான் கேட்டிருப்பேனே."

செபஸ்தியம்மா ஓரத்துத் தூளியில் கிடந்த பிள்ளையை எடுத்தாள். யார் பெற்ற பிள்ளையோ. சன்னல் ஓரமாக நிலத்தில் உட்கார்ந்து, அதை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்தாள். மலைக்குத் திரும்பும் நேரத்துக்குக் கொம்பு ஊதினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அவள் மலைக்கு அரைமணி நேரம் பிந்திப்போனாள். எங்கே போய்த் தொலைந்தாய் என்று ரெங்கசாமி கங்காணி கத்தினார். செபஸ்தியம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"புள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தேன்."